அவப்பெயர் பெற்ற வரலாற்று மனிதர்கள் இடைக்கால வியூக விளையாட்டுகளில் வருகிறார்களா?

தலவாக்கலை ஆசிரியர்

நான் தரம் 10, 11 மாணவர்களுக்கு வரலாறு கற்பிக்கிறேன். சென்ற வாரம் மழை விடாமல் பெய்ததால் விளையாட்டுப் பாடவேளையை வகுப்பறையிலேயே கழிக்க நேர்ந்தது. அப்போது கடைசி வாங்கில் இருக்கும் மாணவன் ஒருவன் எழுந்து, சிறுவர்களைக் கொன்றதற்காகத் தூக்கிலிடப்பட்ட ஒரு பிரெஞ்சுப் பிரபு தான் விளையாடும் கேமில் நல்லவனாக வருவது சரியா என்று கேட்டான். தன் அண்ணனின் பழைய பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் கருவியில் அவன் விளையாடுவது, லெவல் ஃபைவ் நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஜோன் ஒஃப் ஆர்க் பற்றிய வியூக விளையாட்டு. அந்தப் பிரபு ஜில் த ரே.

அவனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். ஜில் த ரே 1429இல் ஒர்லியன்ஸ் நகர முற்றுகையை முறியடித்தபோது ஜோனின் பக்கத்தில் நின்று போரிட்டவன்; அதே ஆண்டு ஜூலையில் ரைம்ஸ் நகரில் ஏழாம் சார்ள்ஸ் முடிசூடியபோது பிரான்சின் மார்ஷல் என்ற பதவியைப் பெற்றவன்; பதினொரு ஆண்டுகள் கழித்து, 1440 ஒக்டோபர் 26ஆம் திகதி, பல சிறுவர்களைக் கொன்ற குற்றத்துக்காக நாந்த் நகரில் தூக்கிலிடப்பட்டவன். கதை 1429இல் நடப்பதால் அவனைப் படைத்தலைவனாகக் காட்டியதைப் பொய் என்று சொல்ல முடியாது என்றேன். மாணவன் தலையாட்டினான், ஆனால் அவன் முகத்தில் நிறைவு இல்லை. எனக்கும் இல்லை.

இந்த வகை விளையாட்டுகளை நான் அறியேன். அவற்றை நன்கு அறிந்தவர்கள், இத்தகைய மனிதர்கள் அவற்றில் வருகிறார்களா, வந்தால் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று எழுதினால், அடுத்த வாரம் அவனுக்கு ஒழுங்கான பதில் சொல்ல உதவியாக இருக்கும்.

மஸ்கெலியா மழை

சேர், தாராளமாக வருகிறார்கள். அதுவும் எதிரிகளாக அல்ல, பெரும்பாலும் கதைத்தலைவர்களாகவே வருகிறார்கள்.

நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த மாதங்களில், ஹட்டன் நகரில் மணிக்கணக்கில் காசு வாங்கிய ஒரு கணினிக் கடையில்தான் ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 விளையாடப் பழகினேன். தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து, கிடைக்கும் ஒரு மணித்தியாலத்தில் செங்கிஸ்கானாக இருந்துவிட்டுப் போவேன். 1999இல் வந்த மூல விளையாட்டில் ஜோன், சலாதீன், செங்கிஸ்கான், பார்பரோசா ஆகியோருக்குத் தனித்தனிப் போர்த்தொடர்கள் இருந்தன. மறுவருடம் வந்த விரிவாக்கத்தில் ஹூணர்களின் அத்திலா சேர்ந்தான். 2013இல் இன்றைய ருமேனியாவிலுள்ள வலாக்கியாவை ஆண்ட விளாத் திராகுலா வந்தான். 2019இன் புதிய பதிப்பில் தைமூர் வந்தான். செங்கிஸ்கான், அத்திலா, விளாத், தைமூர் என்ற இந்த நான்கு பெயர்களையும் வரிசையாகச் சொன்னாலே, அவர்கள் படை சென்ற நாடுகளின் பாட்டிமார் பிள்ளைகளைப் பயங்காட்டச் சொல்லும் பெயர்ப்பட்டியல் போல இருக்கும்.

அவர்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்பதற்கு அத்திலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அவன் தன் தமையன் பிளேடாவோடு சேர்ந்து ஹூணர்களை ஆண்டான். 445ஆம் ஆண்டளவில் பிளேடா இறந்தான். தம்பியே கொன்றான் என்று ஆறாம் நூற்றாண்டின் யோர்தானிஸ் எழுதுகிறார். விளையாட்டின் முதல் கட்டத்தில் இந்தப் பழியை உங்கள் கையிலேயே தந்துவிடுகிறார்கள். தமையன்தான் முதலில் சூழ்ச்சி செய்கிறான். அவனைக் கொல்வதா, தப்பியோடித் தனியாகப் படை திரட்டுவதா என்பதை விளையாடுபவரே முடிவு செய்ய வேண்டும். சூழ்ச்சியைப் பிளேடாவின் தலையில் ஏற்றியது கதைக்காரரின் வேலை. கொலை என்னுடைய முடிவு. பதினாறு வயதில் அந்த முடிவை நான் எவ்வளவு இலகுவாக எடுத்தேன் என்பது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டின் கதை இதைவிடச் சுவையானது. 1999இல் விளையாடப் பழக்குவதற்காக வைத்த வில்லியம் வாலஸ் தொடரில் அவன் ஸ்கொட்லாந்தை நசுக்க வரும் எதிரி. 2021இல் வந்த விரிவாக்கத்தில் அதே எட்வர்டுக்கு ஒரு தனித் தொடர் கிடைத்தது; இப்போது நாம் அவனுக்காகப் போரிடுகிறோம். 1290இல் இங்கிலாந்திலிருந்து யூதர்கள் அனைவரையும் வெளியேற்ற ஆணையிட்டவனும் இவனே. ஒரே விளையாட்டு, ஒரே மனிதன், இருபத்திரண்டு ஆண்டு இடைவெளியில் எதிரியாகவும் தலைவனாகவும் நிற்கிறான்.

முழுக்க எதிரியாகவே வருபவர்களும் உண்டு. சலாதீன் தொடரில் வரும் ஷாத்தியோனின் ரெனால்ட் அப்படிப்பட்டவன். வணிகக் கூட்டங்களைக் கொள்ளையடித்து, செங்கடலில் கப்பல் விட்டு யாத்திரிகர்களைக் கலங்கடித்த அவனை, 1187 ஜூலையில் ஹத்தீன் போரில் பிடித்த பிறகு சலாதீன் கொன்றார். அந்தத் தொடரை நமக்குச் சொல்பவர் சலாதீனிடம் பிடிபட்ட ஒரு ஐரோப்பிய வீரர். பார்பரோசாவின் கதையையும் அவனோடு பகைத்துக்கொண்ட சாக்சனியின் ஹென்றிதான் தன்னை மறைத்துக்கொண்டு ஒரு மதுக்கடையில் சொல்கிறான். மனிதனின் கதையை அவனுடைய எதிரியைக் கொண்டு சொல்லவைத்த இந்த இரண்டு இடங்களும் எனக்கு அந்த விளையாட்டில் மிகப் பிடித்தவை. உங்கள் மாணவனுக்கு இதையே முதலில் காட்டுவேன்.

ஹட்டன் இளையவன்

அண்ணன் சொன்னது கதை சொல்லும் விளையாட்டுகளைப் பற்றியது. குருசேடர் கிங்ஸ் 3 வேறு வகை. அதில் 867 அல்லது 1066 போன்ற குறித்த சில ஆண்டுகளில் தொடங்கி 1453 வரை ஒரு வம்சத்தை நடத்திச் செல்ல வேண்டும். தொடங்கும் நாளில் உயிரோடிருந்த அரசர்கள் உண்மையான பெயரோடும் உறவோடும் இருப்பார்கள். அடுத்த நாள் முதல் வரலாறு கலைந்துவிடும். மனிதர்கள் பிறப்பதும் இறப்பதும் விளையாட்டின் போக்கில் நடக்கும். ஆகவே, 1431ஆம் ஆண்டளவில் பிறந்த விளாத் அதில் தானாக வந்து சேர மாட்டான். மொங்கோலியரின் எழுச்சியை மட்டும் விதிவிலக்காக எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஆனால் அதில் அச்சம் என்றொரு அளவு இருக்கிறது. சுழியத்திலிருந்து நூறு வரை செல்லும். கைதிகளைக் கொன்றாலோ சித்திரவதை செய்தாலோ அது ஏறும். காலம் போகப் போக மெல்லக் குறையும். அது உயர்ந்திருக்கும்வரை உங்கள் கீழுள்ள பிரபுக்கள் கிளர்ச்சி செய்யத் தயங்குவார்கள். இரக்க குணமுள்ள அரசன் ஒரு கைதியைக் கொன்றால் அந்த அரசனின் மன அழுத்தம் கூடும். கொடூர குணமுள்ளவனுக்கு அதே செயல் ஆறுதல் தரும். 2006இல் வந்த மெடிவல் 2 டோட்டல் வாரிலும் இதன் மூத்த வடிவம் உண்டு. போரில் பிடித்தவர்களை விடுவிக்கும் தளபதிக்கு வீரப்பண்பு ஏறும். கொன்றால் அச்சம் ஏறும். பிடித்த நகரத்தைக் கைக்கொள்வதா, சூறையாடுவதா, மக்களை அழிப்பதா என்று கேட்கும்.

ஆகவே, சேர், ஜில் த ரேயோ தைமூரோ பெயரளவில் வராத விளையாட்டிலும் அவர்களுடைய வழி இருக்கிறது. ஒருமுறை நான் நல்ல அரசனாகத் தொடங்கி, மூன்று கிளர்ச்சிகளுக்குப் பிறகு சிறையிலிருந்த பதினொரு பேரை ஒரே மாலையில் கொன்றேன். அச்சம் ஏறியது, அமைதி வந்தது. அன்றிரவு எனக்கு நன்றாகத் தூக்கம் வரவில்லை. கொடுங்கோலன் ஒருவன் எப்படி உருவாகிறான் என்பதை, நான் வாசித்த எந்தப் பாடநூலையும்விட அது எனக்கு ஆழமாக உணர்த்தியது என்றே நினைக்கிறேன்.

ஊவா வாசகி

தம்பி எழுதியதை மதிக்கிறேன். ஆனால் அவப்பெயர் என்பது எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை யாரும் இன்னும் தொடவில்லை.

விளாத் ஆயிரக்கணக்கானோரைக் கழுவேற்றினான் என்பதில் ஐயம் இல்லை. 1462இல் அவனைத் தேடி வந்த உதுமானியப் படை கழுமரங்களின் காட்டைக் கண்டதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் கல்கோகொண்டிலிஸ் எழுதுகிறார். ஆனால் அவனை மனிதக் குருதி குடிப்பவனுக்கு நிகராக்கிய கதைகள் பரவியது ஜெர்மன் மொழிச் சிறுநூல்கள் வழியாக. அச்சு அப்போதுதான் ஐரோப்பாவில் தலைகாட்டியிருந்தது. அதே 1462இல் அவனைச் சிறைப்படுத்திய ஹங்கேரி அரசன் மத்தியாஸுக்கு, தன் செயலை நியாயப்படுத்த அந்தக் கதைகள் தேவைப்பட்டன. அதே காலத்தைச் சேர்ந்த ஸ்லாவிய மொழிக் கதைகளில் விளாத் கொடியவன்தான், ஆனால் நீதி வழுவாதவன். விளையாட்டில் வரும் விளாத் தன் நாட்டைக் காக்கப் போராடுபவன் என்றால், அது விளையாட்டுக்காரர்கள் புதிதாகக் கட்டிய பொய் அல்ல. பழைய இரண்டு சாட்சியங்களில் ஒன்றை அவர்கள் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

கண்டியில் வாழ்பவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கண்டி அரசை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்து 1815 மார்ச் 2ஆம் திகதி கைச்சாத்தான ஒப்பந்தத்தின் முதற் பிரிவே அரசனின் கொடுமைகளைக் காரணமாகக் காட்டுகிறது. தனக்கு எதிராகத் திரும்பிய அமைச்சன் எகலப்பொலையின் குடும்பத்துக்குக் கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் விதித்த தண்டனை உண்மையில் கொடியது. அந்தக் கொடுமையைப் பயன்படுத்திக்கொள்ள ஆங்கிலேயருக்கு இருந்த அவசரமும் உண்மையானது. அவன் இடைக்காலத்தவன் அல்லன் என்பதால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

நம் பேச்சுக்கு நேராகப் பொருந்துபவன் முதலாம் இராஜேந்திர சோழன். ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2க்கு 2022இல் வந்த இந்திய விரிவாக்கத்தில் அவனுக்கு ஒரு போர்த்தொடர் இருக்கிறது. அது வெளியானபோது எங்கள் வீட்டில் என் மகன் துள்ளிக் குதித்தான். தமிழ் அரசன் ஒருவன் அப்படிப்பட்ட உலகப் புகழ் பெற்ற விளையாட்டில் வந்துவிட்டான் என்ற மகிழ்ச்சி எனக்கும் இருந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவனோடு படிக்கும் சிங்கள நண்பன் ஒருவன் வீட்டுக்கு வந்தபோது, "இவர்தானே எங்கள் மகிந்த அரசனைப் பிடித்துக்கொண்டு போனவர்" என்று மிக இயல்பாகக் கேட்டான். ஐந்தாம் மகிந்தன் 1017இல் சோழரிடம் பிடிபட்டு, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாட்டிலேயே இறந்தான். தாதுக்கோபங்களை உடைத்துச் செல்வங்களை அள்ளிச்சென்ற சோழப் படையை, இலங்கையின் பாளி வரலாற்று நூலான சூளவம்சம் இரத்தம் குடிக்கும் யக்கர்களுக்கு, அதாவது பேய்களுக்கு, ஒப்பிடுகிறது. பொலன்னறுவையில் இன்றும் நிற்கும் வானவன்மாதேவி ஈஸ்வரத்துக்கு இராஜேந்திரனின் தாயின் பெயர். ஒரு பக்கத்தில் தாயின் பெயரால் எழுந்த கோயில். மறுபக்கத்தில் உடைந்த தாதுக்கோபம். இரண்டும் உண்மை. அந்தப் பிள்ளைக்கு அவன் அவப்பெயர் பெற்றவன், என் பிள்ளைக்குப் பெருமைக்குரியவன். அவர்கள் இருவரும் ஒரே திரைக்கு முன்னால் அமர்ந்திருந்தார்கள்.

கொத்மலை

அக்கா அதைத் தொட்டதால், எங்கள் ஊரோடு தொடர்புடைய ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். கலிங்க மாகன் 1215இல் படையோடு வந்து பொலன்னறுவையைப் பிடித்து 21 ஆண்டுகள் ஆண்டான். அவன் படையில் கேரள வீரர் நிறைந்திருந்தனர். விகாரைகளை அழித்தான், நூல்களைச் சிதைத்தான், மக்களைத் துன்புறுத்தினான் என்று சூளவம்சம் அவனை எழுதுவது போல வேறு எந்த அரசனையும் எழுதியதில்லை என்றே சொல்லலாம். ஆனால் மட்டக்களப்பின் பழைய வரலாற்றைச் சொல்லும் மட்டக்களப்பு மான்மியம் என்ற தமிழ் நூலில் அவன் கோயில் ஒழுங்குகளை ஏற்படுத்திய அரசனாக நினைவுகூரப்படுகிறான். யாழ்ப்பாண அரசின் தோற்றத்தோடு அவனைத் தொடர்புபடுத்தும் வரலாற்றாசிரியர்களும் இருக்கிறார்கள்.

அவனுக்கு அஞ்சித் துறவிகள் புத்தரின் தந்ததாதுவையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு மலையேறி ஒளித்துவைத்த இடம் கொத்மலை. புசுல்பிட்டிய விகாரையோடு அந்த மரபு இணைத்துப் பேசப்படுகிறது. பின்னர் தம்பதெனியாவிலிருந்து ஆண்ட சிங்கள அரசன் மூன்றாம் விஜயபாகு அவற்றை மீட்டுச் சென்றான். நான் பாடசாலைக்குப் போன வழியில் தினமும் பார்த்த மலைகள் அவை. எங்கள் லயத்தில் யாருக்கும் இந்தக் கதை தெரிந்திருக்கவில்லை. எனக்கு அதைச் சொன்னவர் விகாரையில் இருந்த ஒரு முதிய தேரர்.

மாகன் விளையாட்டுகளில் வருவானா என்று நானும் யோசித்ததுண்டு. குருசேடர் கிங்ஸ் 3இன் வரைபடத்தில் நம் தீவு முழுவதும் இருக்கிறது, ஆனால் தொடக்க ஆண்டுகள் எதுவும் 1215க்கும் 1236க்கும் இடையில் விழவில்லை. தம்பி சொன்னபடி தொடக்க நாளுக்குப் பிறகு வரலாறு கலைந்துவிடுவதால், அதில் அவனுக்கு இடமில்லை. அவனை விளையாட்டுக்குள் கொண்டுவர வேண்டுமென்றால் நாமே செய்ய வேண்டியதுதான்.

தலவாக்கலை ஆசிரியர்

எல்லோருக்கும் நன்றி. மாணவனுக்குச் சொல்ல எனக்கு இப்போது நிறையவே இருக்கிறது. ஆனால் ஒரு குறை மனதில் நிற்கிறது. அதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மஸ்கெலியாத் தம்பி சொன்ன தைமூர் தொடரை நேற்று என் மருமகனின் கணினியில் சிறிது நேரம் பார்த்தேன். 1398 டிசம்பரில் தில்லிப் போருக்கு முந்திய நாட்களில், தன்னிடமிருந்த கைதிகளைக் கொல்லும்படி தைமூர் ஆணையிட்டான். அவர்களின் தொகையை ஒரு இலட்சம் என்று அவனைப் புகழும் பாரசீக நூல்களே கூறுகின்றன. 1387இல் இஸ்பஹானில் தலைகளால் கோபுரம் எழுப்பினான். விளையாட்டில் நகரம் விழுந்தால் கட்டடம் எரிகிறது, குதிரைகள் நகர்கின்றன, வெற்றி என்று எழுத்து வருகிறது. அந்த நகரத்தில் வாழ்ந்தவர்கள் எங்கே? விறகு வெட்டும் பத்துக் கிராமவாசிகளைத் தவிர அங்கே குடிமக்கள் என்று யாருமே இல்லை. மனிதனைக் கொண்டுவந்துவிட்டு அவன் செய்ததை வெளியே நிறுத்திவிட்டார்கள். பெயரோ வாளோ பெரிதல்ல. அந்த வெறுமைதான் எனக்கு உறுத்துகிறது.

மஸ்கெலியா மழை

சேர், நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த வெறுமையை நிரப்பினால் என்ன ஆகும் என்றும் பார்க்க வேண்டும். தலைக்கோபுரத்தைக் காட்டி, அதை அடுக்கும் பொத்தானை ஒரு பிள்ளையின் கையில் கொடுக்கும் விளையாட்டை நான் விரும்ப மாட்டேன். நீங்களும் விரும்ப மாட்டீர்கள். கதை சொல்பவரின் குரலில்தான் அது வர வேண்டும். ஹென்றி பார்பரோசாவைப் பற்றிச் சொல்வது போல, தைமூரின் கதையை இஸ்பஹானில் தப்பிய ஒருவர் சொல்லியிருந்தால் போதும். ஒரு படம்கூடக் கூடுதலாகத் தேவைப்பட்டிருக்காது.

ஹட்டன் இளையவன்

நான் இதில் அண்ணனோடு உடன்படவில்லை. குரல் மட்டும் போதாது. பிள்ளைகள் முன்னுரையைத் தாண்டிவிட்டு நேரே விளையாடப் போவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். செயலுக்கு விளையாட்டுக்குள்ளேயே விலை இருந்தால் மட்டுமே அது மனதில் நிற்கும். நகரத்தை அழித்தால் அடுத்த கட்டத்தில் உணவு கிடைக்காமல் போக வேண்டும். வாய்க்கால் வெட்டியவர்களையே கொன்றுவிட்டால் வயல் எப்படி விளையும்? குளமும் வாய்க்காலும் கவனிப்பாரற்றுப் போன பிறகு பொலன்னறுவை மீண்டும் தலையெடுக்கவில்லை என்பதை நம் பாடநூலே சொல்கிறது.

கொத்மலை

அப்படியானால் இரண்டையும் செய்து பார்ப்போம். ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2இல் காட்சி அமைக்கும் கருவி 1999 முதலே இருக்கிறது. மாகன் காலத்துக் காட்சி ஒன்றை நாமே அமைக்கலாம். சில சிக்கல்களை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அந்த விளையாட்டில் ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு மக்களினத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; அதை நாகரிகம் என்பார்கள். மாகனின் படைக்குத் திராவிடர் என்ற நாகரிகம் பொருந்தும். சிங்கள அரசுக்கெனத் தனி நாகரிகம் அதில் இல்லை. தேரவாத பௌத்தம் என்ற அடிப்படையில் பர்மியரை எடுக்கலாம், ஆனால் அவர்களுடைய கட்டடங்கள் நம் கண்ணுக்கு அந்நியமாக இருக்கும். தம்பதெனியாவுக்கும் திராவிடர் நாகரிகத்தையே கொடுத்தால் கட்டடங்கள் ஓரளவு பொருந்தும், ஆனால் அதைச் சிங்கள வாசகர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதை அவர்களிடமே கேட்க வேண்டும்.

இன்னொன்று இதைவிட முக்கியமானது. அந்த விளையாட்டில் துறவிகள் புனிதச் சின்னங்களை எடுத்துச் சென்று மடத்தில் வைத்தால் அங்கிருந்து தங்கம் சுரக்கும். தந்ததாதுவை அப்படித் தங்கம் சுரக்கும் பொருளாக ஆக்குவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். துறவி அதைச் சுமந்துகொண்டு மலையில் குறித்த இடத்தை அடைந்தாலே இலக்கு நிறைவேறியதாக அமைத்துவிட்டு, அந்தப் பக்கத்தில் மடம் கட்ட முடியாதபடி தடுத்துவிட வேண்டும்.

ஊவா வாசகி

அது மிகச் சரியான முடிவு. என் மகனும் அவனுடைய நண்பனும் வரைபடம் வரைய ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மகாவலியின் போக்கைப் பழைய நில அளவைப் படத்தைப் பார்த்து வரையச் சொல்லியிருக்கிறேன்; இன்றைய கொத்மலை நீர்த்தேக்கம் அப்போது இல்லை என்பதை அவர்களுக்கு இரண்டு முறை நினைவூட்ட வேண்டியிருந்தது.

தலவாக்கலை ஆசிரியர்

கேள்வி கேட்ட மாணவனிடம் கதையின் முன்னுரையை எழுதும் பொறுப்பை ஒப்படைத்தேன். யாருடைய குரலில் எழுதுவது என்று அவனையே தீர்மானிக்கச் சொன்னேன். நேற்று இரண்டு தாள்கள் கொண்டுவந்தான். ஒன்றில் இரவில் ஆற்றைக் கடக்கும் ஒரு இளம் துறவி பேசுகிறார். மற்றதில் மாகனின் படையில் வந்த ஒரு கேரள வீரன், ஊருக்குத் திரும்ப வழி தெரியாமல் பொலன்னறுவையிலேயே முதுமையடைந்தவன், பேசுகிறான். இரண்டில் எதை வைப்பது என்று என்னிடம் கேட்டான். முதல் கட்டத்துக்குத் துறவியையும் இரண்டாம் கட்டத்துக்கு வீரனையும் வைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தட்டச்சு செய்தவுடன் இங்கே இடுகிறேன். வாய்க்கால் அழிந்தால் உணவு குறையும்படி அமைப்பதை ஹட்டன் தம்பி பொறுப்பேற்றால் நல்லது.